பாப்பா தூங்க ஊரே விழித்திருந்தது

என் மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது, ஒரு குழந்தையை ராத்திரி எப்படித் தூங்கவைப்பது என்று தெரியாத ஒரே ஆள் இந்த வேலூர் மாவட்டத்திலேயே நான்தான் என்று தெரிந்துகொண்டேன். மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கீரைக்காரம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்குத் தெரிந்திருந்தது. எதிர்வீட்டில் குடியிருந்த, கல்யாணமே ஆகாத கணக்கு வாத்தியாருக்கும் தெரிந்திருந்தது. "தலைய கிழக்க வெச்சுப் படுக்கப் போடுங்க சிஸ்டர், அவ்ளோதான்" என்றார். அவர் வீட்டு விளக்கு ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் எரிவதை நான் பார்த்திருக்கிறேன். எப்படிப் பார்த்தேன் என்றால், அந்த நேரத்தில் நானும் விழித்துக்கொண்டுதானே இருந்தேன்.

எங்களுக்கு வீடு காட்பாடியில், எனக்கு வேலை ஆம்பூரில், ஒரு ஷூ கம்பெனியில். காலை ஏழே காலுக்குக் கம்பெனி பஸ் வரும். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. கடைசிச் செக்கிங் மேசைக்கு நான் இன்சார்ஜ், என் கீழே பதினான்கு பெண்கள். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வருகிற ஷூக்களை இடது வலது சேர்த்து ஜோடி பார்த்துப் பெட்டியில் போட வேண்டும். சைஸ் சரியா, நிறம் ஒன்றா, தையல் ஒரே உயரத்தில் இருக்கிறதா. இரண்டும் ஒரே தாய்க்குப் பிறந்த மாதிரி இருக்க வேண்டும். டிரெய்னியாகச் சேர்ந்து ஒன்பது வருடம் நின்று நின்று அந்த நாற்காலிக்கு வந்திருந்தேன். எனக்கு அந்த நாற்காலி பிடிக்கும். வீட்டில் இதைச் சொன்னால் பிள்ளையைவிடச் செருப்பு பெரிதா என்று கேட்பார்கள். எனக்கு இரண்டும் பெரிதுதான், கேட்கிறவர்களுக்குத்தான் ஒன்றுக்கு மேல் எண்ணத் தெரியவில்லை.

அந்த மூன்றாவது வாரத்தில்தான் சரக்கைப் பரிசோதிக்க, அதை வாங்குகிற பையர் கம்பெனி சார்பில் ஒருவர் வந்தார். அடுக்கி வைத்திருந்த அத்தனை பெட்டியில் அவர் கை போய்த் தொட்டது ஒரு பெட்டியை. திறந்தார். உள்ளே இரண்டு ஷூ. இரண்டும் இடது கால். ஒட்டியிருந்த சீட்டில் என் கையெழுத்து. அவர் கத்தவில்லை, அதுதான் மோசம். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்து, "மேடம், இது யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். என் பதினான்கு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன், ஆனால் அடக்கியது எல்லோருக்கும் தெரிந்தது.

மேனேஜர் சாயங்காலம் கூப்பிட்டார். "உன் எடத்துக்கு ஆள் போடறது எனக்கு அஞ்சு நிமிஷ வேலைம்மா. நல்லா வேல செய்றவன்னு பாக்கறேன். மாசக் கடைசில அடுத்த ஆர்டர் போகுது. அதுக்குள்ள நல்லா தூங்கிட்டு வா" என்றார். என்னமோ தூக்கம் கடையில் கிடைக்கிற மாதிரியும், நான்தான் வாங்க மறந்துவிட்டு வந்த மாதிரியும்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், மாமியார், பாப்பா. என் வீட்டுக்காரர் ஒரு காலேஜில் பரீட்சைப் பிரிவில் குமாஸ்தா. பிரச்சினை என்று எது வந்தாலும் அதற்கு ஒரு ஆப் இருக்கும் என்பது அவருடைய விசுவாசம். குழந்தை தூங்குவதற்கு மூன்று ஆப் இறக்கி வைத்திருந்தார். ஒன்று மழைச் சத்தம் போடும். காட்பாடியில் மழை பெய்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது, பிள்ளைக்கு அது என்ன சத்தம் என்றே மறந்துபோயிருக்கும். பாப்பா கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள். பத்தாவது நிமிடம் அவர் குறட்டை விட ஆரம்பித்தார். அந்த ஆப்புக்கு அவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததாகப் பிறகு சொன்னார்.

மாமியார் முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, வார்டு சிஸ்டராக ரிட்டயர் ஆனவர். இப்போது சர்ச்சில், எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். வார்டு போனாலும் வார்டை நடத்துகிற குரல் போகவில்லை. ஹாலில் படுப்பார். பாப்பா உதட்டைப் பிதுக்கினாலே போதும், அழ வேண்டிய அவசியமே இல்லை, எழுந்து ஓடிவந்து தொட்டிலிலிருந்து தூக்கிவிடுவார். "புள்ளைய அழவிடக் கூடாதும்மா" என்பார். அதற்காகவே எங்கள் அறைக் கதவைச் சாத்தக் கூடாது என்று சட்டம்.

குழந்தை டாக்டரிடம் போனோம். அந்தம்மா எல்லாவற்றையும் கேட்டார். "பாப்பாவுக்கு ஒரே ஒரு வழியிலதான் தூங்கத் தெரியும். பால் குடிச்சிக்கிட்டே தூங்கறா. ராத்திரி எல்லாருமே நடுநடுவுல முழிச்சிக்கிறோம், பொரண்டு படுத்துத் தூங்கிடறோம். அவளுக்கு அது தெரியல, அதனால உங்கள கூப்பிடறா" என்றார். பாலைக் கொஞ்சம் முன்னாலேயே கொடுத்துவிட்டு, கண் சொருகும்போதே, தூங்குவதற்கு முன்பே தொட்டிலில் போட வேண்டும். பக்கத்தில் இருந்து தட்டிக்கொடுக்கலாம். ராத்திரி முனகினால் ஓடக் கூடாது, இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். அதற்கு மேலும் அழுதால் முதலில் அப்பா போகட்டும், அம்மா போனால் பால் ஞாபகம் வரும். "இது கொழந்தைக்கு டிரெய்னிங் இல்லம்மா. பெரியவங்களுக்குத்தான்" என்று சொல்லி மாமியார் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மாமியார் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார்.

முதல் ராத்திரி இருபத்திரண்டு நிமிடம் அழுதாள். நான் தொட்டில் பக்கத்தில் தரையில், அவள் நெஞ்சில் கையை வைத்துத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மாமியார் வாசற்படியில் கை கட்டி நின்றார். தப்பாக மருந்து எழுதிய டாக்டரை ஒரு வார்டு சிஸ்டர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் எங்கள் இருவருக்கும் நடுவில், யார் பக்கமும் சாயாமல், தூங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி அவர் போக வேண்டிய முறை வந்தால் முதலில் அவரை எழுப்ப வேண்டும். பாப்பாவைத் தூங்கவைப்பதைவிட அதுதான் பெரிய வேலை.

ஆனால் பலன் இருந்தது. ஐந்தாவது ராத்திரி, ஐந்து தரம் எழுந்தவள் இரண்டு தரம்தான் எழுந்தாள். மறுநாள் கம்பெனியில் ஒரு நீலத்துக்கும் இன்னொரு நீலத்துக்கும் வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் பதினான்கு பேருக்கும் டீயோடு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் லெந்து நாட்கள் ஆரம்பித்தன.

ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் உண்டு. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரைக்கும், வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் தன் மணி நேரம் ஜெபித்து முடித்ததும் அடுத்தவரை ஃபோனில் எழுப்பிவிட்டுப் படுப்பார். சங்கிலி அறுபடக் கூடாது. வாரத்துக்கு ஒரு ஜெபக் குறிப்புப் பட்டியல். அதில் எங்கள் பாப்பாவின் தூக்கத்தையும் சேர்த்திருப்பதாக மாமியார் சொன்னார். எனக்கு நிஜமாகவே நெகிழ்ச்சியாக இருந்தது. நமக்காக யாரோ நடுராத்திரியில் எழுந்து முழங்கால் போடுகிறார்கள் என்றால் சும்மாவா? "ரொம்ப தேங்க்ஸ் அத்தை" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். சொன்னதை இப்போது நினைத்தால் என்னை நானே கிள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த வாரமே பாப்பா பழையபடி ஆனாள். பழையபடிகூட இல்லை, அதைவிட மோசம். இப்போது ஆறு தரம். எழுந்தாள் என்றால் முனகல் கிடையாது, தூக்கிவாரிப்போட்டு வீறிட்டு அழுகை. நான் அடித்துப்பிடித்து எழுவதற்குள் மாமியார் வந்து தூக்கியிருப்பார். "பாத்தியா, டாக்டர் சொன்னது எடுபடலயே. அம்மா பகல்ல இல்லாத ஏக்கத்தப் புள்ள ராத்திரில தீத்துக்குது" என்பார். தூக்கக் கலக்கத்தில் எனக்கு அது உண்மை மாதிரியே கேட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து பள்ளிகொண்டா வரைக்கும் அழுதேன், மாதனூர் வரைக்கும் தூங்கினேன்.

கம்பெனியில் மணிக்கொரு தரம் எத்தனை ஜோடி தேறியது, எத்தனை கழிந்தது என்று போர்டில் எழுதுவோம். எந்த மணியில் கழிவு ஜாஸ்தி என்று பார்த்தால் எந்த மிஷினில் கோளாறு என்று தெரிந்துவிடும். கெட்ட பழக்கமோ நல்ல பழக்கமோ, வீட்டிலும் பீரோ கதவில் ஒரு தாள் ஒட்டி, பாப்பா எழுகிற நேரத்தை எல்லாம் குறிக்க ஆரம்பித்தேன். "இன்னாம்மா, புள்ளையும் ஷூவும் ஒண்ணா?" என்று மாமியார் கேட்டார். நான்கு நாள் குறித்தேன். நான்காவது நாள் காலை பல் விளக்கிக்கொண்டே அந்தத் தாளைப் பார்த்தேன்.

பதினொன்று. பன்னிரண்டு. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

ஏழு மாதக் குழந்தைக்கு மணி பார்க்கத் தெரியுமா? முதலில் ரயிலைச் சந்தேகப்பட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். ஆனால் பெங்களூர் ரயிலும் சென்னை ரயிலும் தடதடவென்று போகும்போதெல்லாம் பாப்பா இமைகூட அசைப்பதில்லை, வயிற்றிலிருந்தே கேட்டுப் பழகியவள். அதோடு, எங்கள் ஊர் ரயில்கள் சரியாக மணி அடிக்கும்போது வருகிற அளவுக்கு ஒழுக்கமானவையும் அல்ல.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டே கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். சரியாகப் பதினொன்றுக்கு ஹாலில், எங்கள் அறைச் சுவரை ஒட்டிய பிளக் பாயின்ட்டில் சார்ஜ் போட்டிருந்த மாமியாரின் ஃபோன், முழுச் சத்தத்தில், ஒரு கீர்த்தனையின் முதல் இரண்டு அடியைப் பாடிவிட்டு நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் தொட்டில். பாப்பா இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டு வீறிட்டாள். மாமியார் ஓடி வந்தார்.

விஷயம் இதுதான். சங்கிலி ஜெபத்துக்கு மாமியார்தான் பொறுப்பாளர். ஒவ்வொருவரும் அடுத்தவரை எழுப்பி ஒப்படைத்ததும், ஒப்படைத்தாயிற்று என்பதற்கு அடையாளமாகப் பொறுப்பாளருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். மணிக்கு ஒன்று. மிஸ்டு கால் என்பதால் யாரும் எடுக்க வேண்டியதில்லை, எனவே யாரும் எழுவதுமில்லை, பாப்பாவைத் தவிர. பேத்தி உதட்டைச் சுழிப்பது கேட்கிற மாமியாருக்குத் தலைமாட்டில் பாடுகிற ஃபோன் கேட்காது. ஆக, என் மகள் ராத்திரி முழுக்கத் தூங்க வேண்டும் என்று ஏழு வீட்டில் முறைபோட்டு எழுந்து உருக்கமாக ஜெபித்து, ஜெபித்து முடித்த கையோடு ஃபோன் அடித்து அவளை எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

காலையில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"ஜெபத்துக்கு வர்ற ஃபோன சைலன்ட்ல போடச் சொல்றியா?" என்றார்.

"ஜெபத்துக்கு வேணாம்னு சொல்லல அத்தை. சத்தத்தக் கம்மி பண்ணச் சொல்றேன். இல்லன்னா சமையல்கட்டுல வைங்க."

"சங்கிலி அறுந்துபோனா எனக்கு எப்படித் தெரியும்? பாப்பாவுக்காகத்தான இதெல்லாம் நடக்குது?"

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் இட்லியைப் பார்த்தார். "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றார். அவருடைய ஆபீஸில் மறுமதிப்பீட்டுக்கு வருகிற எல்லா விண்ணப்பத்துக்கும் இதே பதில்தான் போலிருக்கிறது. மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று செக்கிங் மேசையில் என் பக்கத்தில் நிற்கிற பெண், நான் தேறிற்று என்று தள்ளிய ஒரு ஜோடியைச் சத்தமில்லாமல் திரும்ப என் முன்னால் வைத்தாள். இடது சைஸ் ஏழு, வலது சைஸ் எட்டு. அவள் நல்லவள். ஆனால் எத்தனை நாள் அவளால் எனக்காகப் பார்க்க முடியும்?

அந்த வாரம் வியாழக்கிழமை ராத்திரி, இரண்டு மணிக்கு ஃபோன் இரண்டு அடியோடு நிற்கவில்லை. பாடிக்கொண்டே இருந்தது. பாப்பா வீறிட, மாமியார் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் அறையில் நடக்க ஆரம்பித்தார். நான் ஹாலுக்கு ஓடி ஃபோனை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். தூக்கத்தில் என் தொண்டை கட்டியிருந்தது. "ஹலோ" என்று மட்டும்தான் சொன்னேன்.

"ஸ்தோத்திரம்க்கா" என்றது மறுமுனை. ரிட்டயர் ஆன தலைமையாசிரியை, குரல் எனக்குத் தெரியும். "ரெண்டு மணிக்காரங்க எடுக்கவே மாட்டேங்கறாங்க, அதான் உங்களுக்குப் போட்டேன். உங்க மருமகளுக்காக இன்னிக்கு ரொம்ப பாரத்தோட ஜெபிச்சேன்க்கா. கவலப்படாதீங்க. சீக்கிரம் மனசு மாறி வேலைய விட்டுடுவா. மாசக் கடைசில அவங்களே அனுப்பிடுவாங்கன்னு சொன்னீங்களே, அப்படி நடந்தாலும் அது கர்த்தர் சித்தம்தான்."

என்னை மாமியார் என்றே நினைத்துவிட்டார். அதே கட்டிய குரலில், "ரெண்டு மணிய நானே எடுத்துக்கறேன், நீங்க படுங்க" என்றேன். பேச்சை முடித்துவிட்டு, அதே ஃபோனின் வாட்ஸ்அப்பில் அந்த வாரத்து ஜெபக் குறிப்பைத் தேடினேன். நான்காவது குறிப்பு. "நம் செயலாளர் அம்மாவின் மருமகளுக்கு, உலகப்பிரகாரமான வேலையை விட்டு, குழந்தையோடு வீட்டில் தரித்திருக்கும்படி நல்ல மனதைத் தர." அவ்வளவுதான். தூக்கம் என்ற வார்த்தையே அதில் இல்லை.

ஏழு வீட்டில், ராத்திரி ராத்திரி, முகம் தெரிந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை கையைக் குலுக்குகிறவர்கள், நான் என் நாற்காலியைத் தொலைக்க வேண்டும் என்று முறைபோட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த இரண்டு இடது கால் ஷூவைப் பெட்டியில் போட்டது நானில்லை, இந்தக் கூட்டம்தான் என்றுகூட அந்த நிமிடத்தில் தோன்றியது. ஃபோனை ஆஃப் செய்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

மாமியார் பாப்பாவைத் தூங்கவைத்துத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். நான் சமையல்கட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, சொன்ன சொல்லுக்கு என் ஒரு மணி நேரத்தை ஜெபித்தேன். ஜெபம் என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை, சண்டைதான் ஜாஸ்தி. உமக்கு வேறு வேலையே இல்லையா, இப்படிப்பட்ட மனுவை எல்லாம் ஏன் கையில் வாங்குகிறீர் என்று கேட்டேன். மூன்று மணிக்கு நான் யாரையும் எழுப்பவில்லை. போய்ப் படுத்தேன். மூன்றேகாலுக்குப் பாப்பா முனகினாள். எழப் போன என்னை நானே பாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஹாலில் மாமியார் அயர்ந்திருந்தார். பாப்பா இரண்டு தரம் முனகி, காலை ஒரு தரம் உதைத்து, ஒரு பக்கமாகப் புரண்டு, தூங்கிவிட்டாள். தானாக. யாரும் தூக்காமல், யாரும் ஜெபிக்காமல். காலை ஐந்தே முக்காலுக்குத்தான் கண் விழித்தாள்.

ஆறு மணிக்கு மாமியார் ஃபோனைத் தேட ஆரம்பித்தார். அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆன் செய்ததும் டிங் டிங்கென்று மெசேஜ்கள் வந்து விழுந்தன. சங்கிலி அறுந்துபோயிற்று, மூன்று மணியிலிருந்து யாரும் எழுப்பவில்லை, லெந்து நாளில் இப்படி ஆகிவிட்டதே என்று ஒரே புலம்பல். மாமியார் முகம் வெளுத்தது.

"நான்தான் அறுத்தேன்" என்றேன். ராத்திரி அந்த ஃபோனில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. "எனக்காக ஜெபம் பண்றீங்கன்னு கையப் புடிச்சு தேங்க்ஸ் சொன்னனே அத்தை. அப்பகூட உங்களுக்கு ஒண்ணும் தோணலயா?"

அவர் அடுப்பிலிருந்த பால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க முப்பத்தொரு வருஷம் வேலைக்குப் போனீங்களே, உங்கள விடச் சொல்லி யாராவது ஜெபம் பண்ணாங்களா?"

"பண்ணாங்க" என்றார். "என் மாமியார் உபவாசம்கூட இருந்தாங்க."

"அப்ப நீங்க ஏன் விடல?"

அடுப்பில் பால் பொங்கி வந்தது. தணித்துவிட்டு, "எனக்குப் புடிச்சிருந்துச்சு" என்றார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்த மாதிரி தெரிந்தது. பிறகு, என்னைப் பார்க்காமல் பாலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உள்ள தூங்கறானே, இவனுக்கும் அப்ப ஏழு மாசம். நைட் டியூட்டிக்குத் திரும்பப் போனேன். நான் கெளம்பறப்போ அழுவான். தெருமொனை வரைக்கும் கேக்கும். ரெண்டு வாரம் அழுதான். அப்புறம் நிறுத்திட்டான். ராத்திரி ஒருவாட்டிகூட எழுந்திருக்கறதில்ல, எவ்ளோ சமத்துன்னு எல்லாரும் சொன்னாங்க. காலைல வந்து தூக்குவேன். என்னை ஒரு பார்வ பாத்துட்டு அவங்க அப்பாகிட்ட தாவுவான். தூக்கம் வந்துடுச்சும்மா. அம்மா வேணும்ங்கறது போய்டுச்சு."

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "யார் அழுதது? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லயே, காபி ஆச்சா?" என்றார்.

எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்து சொல்ல நான்கைந்து நல்ல வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், ஒன்றும் அந்த இடத்தில் பொருந்தவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. "அதுக்காக என் வேலைய தூக்கிட்டுப் போய் ஏழு வீட்டு வாசல்ல வெக்கணுமா?" என்று மட்டும் கேட்டேன். "தப்புதான்" என்றார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை, அவர் மகனும் கேட்டிருக்க மாட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் ஓடினேன்.

அன்று சாயங்காலமே சங்கிலி ஜெபப் பொறுப்பைத் தலைமையாசிரியை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டார். வாழ்க்கையில் அவர் பாதியில் விட்ட முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும். ஃபோன் ஹாலிலேயே இருந்தாலும் அதற்குப் பிறகு ராத்திரியில் அடிக்க யாருமில்லை. பாப்பா முனகும்போது மாமியார் எழுந்து உட்காருவார், பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வரமாட்டார். திறந்த கதவு வழியாக எனக்குத் தெரியும். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும். ஒரு வாரத்தில் பாப்பா ராத்திரி ஒன்பதுக்குக் கண்ணை மூடினால் காலை ஐந்தரைக்குத் திறந்தாள். அடுத்த ஞாயிறு ஐக்கியத்தில், நம் செயலாளர் வீட்டுக் காரியத்தில் கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார் என்று தலைமையாசிரியை எழுந்து சாட்சி சொன்னார். எந்த ஜெபம் என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.

மாதக் கடைசியில் பையரின் ஆள் வந்தார். அன்று அவர் பத்துப் பெட்டி திறந்தார், இருபது பெட்டி திறந்தார். எல்லாவற்றிலும் ஒரு இடது, ஒரு வலது. ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். அவர்கள் பாஷையில் ஒன்றும் சொல்லாததுதான் பாராட்டு. மேனேஜர் என்னைக் கடந்து போகும்போது, "தூங்கிட்டபோல" என்றார். என் நாற்காலியில் நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். ஆம்பூரிலேயே எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக்கொண்டு, ஜெயித்தவளாக வீட்டுக்கு வந்தேன்.

பாப்பா ஹாலில் உட்கார்ந்து ஒரு சில்வர் டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். "செல்லம், அம்மா வந்துட்டேன்" என்றேன். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்ப டம்ளரைத் தட்ட ஆரம்பித்தாள். மாமியார் அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நியாயமாக அன்று ராத்திரி நான் கட்டைபோலத் தூங்கியிருக்க வேண்டும். இரண்டரைக்கு விழிப்புத் தட்டியது. வீடு அமைதியாக இருந்தது. நான் எதற்காக இத்தனை நாள் எல்லோரோடும் சண்டை போட்டேனோ அந்த அமைதி. எழுந்து தொட்டிலருகே போனேன். ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, யாருமே தேவையில்லாதவளாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். பத்து நிமிடம் பார்த்தேன். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினேன்.

கண்ணைத் திறந்தாள். என்ன அநியாயம் இது என்பதுபோல் என்னை முறைத்து, தெரு கேட்கிற மாதிரி ஒரு அழுகை அழுது, என் நைட்டிக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். கொண்டையை முடிந்துகொண்டே மாமியார் ஓடி வந்தார். "இன்னாச்சும்மா? காய்ச்சலா?"

"இல்ல அத்தை. நான்தான் எழுப்பினேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை.